ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்

எக்ஸ்ரே அக்கா என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஏறி இறங்கும் மேசை, சுவரில் தொங்கும் ஈய அங்கி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவள். காலையில் கதவு திறந்ததிலிருந்து ஒரே பாட்டு. "மூச்சை நல்லா இழுங்க. அடக்குங்க. அப்படியே இருங்க. ம், விடுங்க." வீட்டில் புருஷன் கோபமாகப் பேச ஆரம்பித்தாலும் இதையே சொல்லி அடக்கிவிடுவாள் என்று நர்சுகள் கேலி பேசுவார்கள். அது பொய்யும் இல்லை.

படத்தை முதலில் பார்ப்பது அவள் கண்தான். உடைந்த எலும்பு, நீர் கோத்த நெஞ்சு, இருக்கக் கூடாத இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. சட்டையை மாட்டிக்கொண்டே, "ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்பார்கள். "டாக்டர் சொல்வார்" என்பாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொண்டது கிடையாது.

அவளுக்கு இன்னொரு பேரும் இருந்தது. காலேஜ் சேர்க்கை என்று வந்தால் அவளைக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருஷமும் சேர்க்கை முடிந்ததும், எந்தப் படிப்பில், எந்த வட்டாரத்துக்கு, எந்த மார்க் வாங்கிய பிள்ளை வரைக்கும் இடம் கிடைத்தது என்று இணையத்தில் போட்டுவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் யார் பார்க்கிறார்கள்? பார்த்தாலும் போன வருஷத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்று துள்ளிக் குதிப்பார்கள், இல்லை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா ஐந்து வருஷத்தையும் வரிசையாக வைத்துப் பார்ப்பாள். ஒரு நர்சின் மகளுக்கு அவள் சொன்ன மாதிரியே இடம் கிடைத்தது. அடுத்து லிஃப்ட்காரரின் பையன். அதற்கப்புறம் அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் எதிரில் ஒரு மார்க் ஷீட்டும் சேர்ந்தே திறக்கும்.

அந்த வருஷம் அவளுடைய மகளும் தங்கையின் மகளும் ஒன்றாகப் பள்ளியை முடித்தார்கள்.

தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் பட்டன் துளை போடும் மெஷினில் இருந்தாள். புருஷன் வேறு குடும்பத்தோடு எங்கோ இருந்தான். அவனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. ஒரே மகள். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பூனைகளை எல்லாம் பழைய துண்டில் சுற்றித் தூக்கி வருவதால் அவளுக்குப் பூனைக்காரி என்றே பேராகிவிட்டது. மணிக்கட்டில் எப்போதும் புதிதாக ஒரு கீறல் இருக்கும். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் மகளும் அதைத்தான் சொன்னாள். பூனைக்காரியோடு சேர்ந்து வளர்ந்ததால் சொன்னாளா, அம்மாவுக்கு வீட்டு வாசலில் 'டாக்டர்' என்று ஒரு பலகை மாட்டியாக வேண்டும் என்று தெரிந்து சொன்னாளா, அது அவளுக்கே தெளிவில்லை. அதிகம் பேசாத பெண். சொன்னதைச் செய்வாள்.

மார்க் வந்தது. இருநூற்றுக்குப் பூனைக்காரி நூற்றி எண்பத்து மூன்று. மகள் நூற்றி எண்பத்தொன்று.

கால்நடை மருத்துவத்தில் அவர்கள் வட்டாரத்துக்கு ஆறே இடங்கள். அக்கா ஐந்து வருஷத்துக் கடைசி மார்க்கையும் எடுத்து வைத்தாள். நூற்றி எண்பத்து நான்கு. அடுத்த வருஷம் நூற்றி எழுபத்தொன்பது. அப்புறம் எண்பத்தைந்து. அப்புறம் எண்பது. போன வருஷம் எண்பத்தாறு. பார்த்த உடனே பிடித்துவிட்டாள். ஏறிய மார்க்கைப் பார்த்து அடுத்த வருஷம் பயந்து ஒதுங்குகிறார்கள், மார்க் விழுகிறது. விழுந்ததைப் பார்த்து அதற்கடுத்த வருஷம் முண்டியடிக்கிறார்கள், மார்க் ஏறுகிறது. போன வருஷம் ஏற்றம். ஆக, இந்த வருஷம் இறக்கம்.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் டியூஷன் வாத்தியார்களிடம் விசாரித்தபோது வட்டாரத்தில் மகளுக்கு மேலே மார்க் வாங்கி இதையே கேட்கப்போகிறவர்கள் ஐந்து பேர் என்று தெரிந்தது. ஆறாவது ஆள் பூனைக்காரி. மகள் ஏழு.

இரண்டு நாள் அக்கா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் நன்றாகவே சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அக்காவின் புருஷன், பள்ளி வேன் ஓட்டுகிறவர், சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அடுப்படியில் டீ போட்டாள்.

"நீ சொன்னா சரிக்கா" என்றாள் தங்கை. "எனக்கு இந்தக் கட்-ஆஃப் கணக்கு எல்லாம் தலையும் புரியல, வாலும் புரியல. நீ என்ன எழுதச் சொல்றியோ அதை எழுதட்டும்."

அக்கா ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தாள். அதில் மூன்று எண்கள் மட்டும் இருந்தன. எந்த வருஷம் என்று எழுதவில்லை.

"போன வருஷம் நூத்தி எம்பத்தாறு. அதுக்கு முன்னாடி எம்பத்தஞ்சு. அதுக்கும் முன்னாடி எம்பத்தி நாலு. எப்படிப் போகுதுன்னு நீயே பாரு."

பூனைக்காரி தாளையே பார்த்தாள். "ஒரு வருஷம்கூட இறங்கலையா பெரியம்மா?"

அக்கா பேனாவின் பின்பக்கத்தால் தாளைத் தட்டினாள். "நீயே சொல்லு. இதுல எங்க இறங்கியிருக்கு?"

"இல்லதான்."

"நூத்தி எம்பத்தி மூணுக்கு நடக்காதும்மா. நல்ல மார்க்தான், நான் குறை சொல்லல. ஆனா முதல் விருப்பத்தை இதுல போட்டு வீணாக்கிட்டா, ரெண்டாவதா எழுதினதை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எதுவுமே இல்லாம வீட்ல உக்காரணும். அம்மா பாவம்ல? உணவுத் தொழில்நுட்பத்தை முதல்ல போடு. கண்ணை மூடிக்கிட்டுக் கிடைக்கும்."

அவள் சொன்னதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. விருப்ப வரிசையின் சட்டமும் அப்படித்தான். பூனைக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டாமல் இருக்க டீக் கோப்பையை முகத்தருகே வைத்துக்கொண்டாள். தங்கைதான் மகள் முதுகைத் தடவி, "பெரியம்மா உனக்குக் கெடுதல் சொல்வாளா? எழுதுடி" என்றாள். போகும்போது வாசலில் அக்காவின் கையைப் பிடித்து, "நீ இல்லன்னா நான் இதை எங்க போய்க் கேப்பேன்" என்றாள். அக்கா அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. தங்கையாக விடும்வரை நின்றாள்.

டீ கொண்டுவந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அம்மா அவளை உட்கார வைத்து, "நீ கால்நடைதான் முதல்ல போடறே" என்றபோது, அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவளுக்கே நடக்காதுன்னு சொன்னியேம்மா. அவளைவிட எனக்கு ரெண்டு மார்க் கம்மி."

"உனக்குக் கிடைக்கும்."

"எப்படி?"

"எப்படின்னா என்னடி? நான் சொல்றேன்ல. இத்தனை பேருக்குப் பார்த்துச் சொன்னவ உனக்குத் தப்பாச் சொல்வேனா?"

காரணத்தை அவள் சொல்லியிருக்க முடியாது. மறைத்த இரண்டு வருஷங்களை மகளிடம் காட்டினால் மகள் நேராகச் சித்தி வீட்டுக்கு ஓடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப வைத்து, அனுப்பு என்பதையும் தன் விரலாலேயே அழுத்தினாள்.

மகள் அன்று வெகுநேரம் யோசித்தாள். ஊராருக்கு அம்மா கண்டிப்பாகக் கணக்குச் சொல்வாள். பெற்ற பெண்ணுக்கு என்றதும் பாசம் கண்ணை மறைக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நூற்றி எண்பத்து மூன்றுக்கு நடக்காதது நூற்றி எண்பத்தொன்றுக்கு நடக்குமா? அம்மா ஆசைப்பட்டு ஏமாந்துபோவாளே என்று பரிதாபமாகக்கூட இருந்தது. கடைசி நாள்வரை விருப்பத்தை மாற்றிக்கொள்ளலாம். அம்மா டியூட்டியில் இருந்த ஒரு மதியம் உட்கார்ந்து உணவுத் தொழில்நுட்பத்தை முதலாவதாக மாற்றினாள். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

முடிவு வந்த அன்று அக்கா அரை நாள் லீவு போட்டிருந்தாள். மகளின் போனில் வந்த செய்தியை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்மா. கிடைச்சிருச்சு. அவளுக்கும் அதே காலேஜ்தான். ரெண்டு பேரும் ஒண்ணாவே..."

"நான் போட்டது இது இல்லையே?"

மகள் மாற்றியதைச் சொன்னாள். அம்மா சந்தோஷப்படாவிட்டாலும் நிம்மதியாவது அடைவாள் என்று நினைத்திருந்தாள். அக்கா அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கல்யாண வயசுப் பெண்ணை அடிக்கிறோமே என்ற நினைப்புக்கூட இல்லை.

"யாரைக் கேட்டு மாத்தினே? யாரைக் கேட்டுடி?"

"நீதானேம்மா சொன்னே! நூத்தி எம்பத்தி மூணுக்கே நடக்காதுன்னு நீதானே..."

"அது அவளுக்குச் சொன்னது!"

வாயிலிருந்து வந்துவிட்டது. அள்ள முடியாது. சோபாவிலிருந்த புருஷன் எழுந்து உட்கார்ந்தார். மகள் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் அம்மாவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் லேப்டாப்பைத் திறந்தாள். ஐந்து வருஷத்துப் பட்டியலும் அங்கேதான் இருந்தது. ஒளித்து ஒன்றும் வைக்கவில்லை, பல்கலைக்கழகம் ஊருக்கே போட்டு வைத்ததுதான். படித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி போறே?"

"சித்தி வீட்டுக்கு."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டோக்கன் வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதவியாளர் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே வந்தாள். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"கையில சீட்டு இருக்கா?" என்று குனிந்தபடியே கேட்ட அக்கா நிமிர்ந்தாள்.

"எனக்குப் படம் எடுக்க வேணாம்க்கா. உன் மக வந்து என்னென்னவோ சொல்றா. சின்னப் பொண்ணு, ஏதோ கோவத்துல உளர்றான்னு அனுப்பிச்சிட்டேன். நீ இல்லன்னு சொல்லு, நான் போயிடறேன்."

அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"நான் சொன்ன எண் எல்லாம் நிஜம்தான்" என்றாள். "எங்க வேணும்னாலும் காட்டிக் கேளு."

"சொல்லாத எண்?"

அக்கா அடுத்த டோக்கன் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"உன் பொண்ணுக்கு மேலயா நிக்கப்போறா என் பொண்ணு? பக்கத்துலதானேக்கா நின்னிருப்பா. ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்ததுங்க." குரல் உயரவே இல்லை. பட்டறை இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவள் அன்று முணுமுணுத்தாள். "எனக்குப் பண்ணியிருந்தாக்கூட விட்டிருப்பேன்."

வெளியே கால் உடைந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உதவியாளர் கதவைத் தட்டினார். தங்கை ஒதுங்கி வழிவிட்டுப் போய்விட்டாள். அக்கா அந்த ஆளின் காலை நேராக்கி வைத்துப் படம் எடுத்தாள். படம் சுத்தமாக வந்தது.

பல்கலைக்கழகம் அந்த வருஷத்துக் கணக்கை வெளியிட்டபோது பெண்கள் இருவரும் விடுதிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே காலேஜ்; ஆனால் ஒரே அறை வேண்டாம் என்று பூனைக்காரி எழுதிக் கொடுத்திருந்தாள். அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தைத் திறந்து வட்டாரத்தைத் தேடினாள். கால்நடை மருத்துவம், கடைசி மார்க்: நூற்றி எழுபத்தேழு.

மேலே இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் போன வருஷத்து எண்பத்தாறைப் பார்த்துவிட்டு ஓடிப்போயிருக்கிறார்கள். அவள் எதுவும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் இரண்டு பெண்களுக்கும் இடம் இருந்தது. மகள் கடைசி ஆளாகக்கூட இல்லை. அக்கா டப்பாவை மூடிவிட்டு நேரமாகும் முன்பே வேலைக்கு எழுந்தாள். அன்று ஒரு கிழவர், "மூச்சை விடச் சொல்லலையேம்மா" என்று முகம் சிவந்து கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

தங்கையும் அந்த எண்ணைப் பார்த்தாள். இப்போது அவளுக்கே பார்க்கத் தெரிந்திருந்தது. நூற்றி எழுபத்தேழுக்குக் கிடைக்கிறது என்றால் நூற்றி எண்பத்து மூன்றுக்குத் தங்கத்தட்டில் வைத்துக் கொடுப்பார்களே? மார்க் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேர்ந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். விட்டுவிடுவது என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள்.

சேதி அக்காவுக்கு எட்டியது. இறங்கிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று வட்டாரத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் நன்றாகத் தெரியும். புருஷனை அனுப்பினாள். அவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"என்ன சொன்னா?"

"'அத்தான், நீங்க வந்தா தண்ணி குடிச்சிட்டுப் போங்க, அவ பேச்சு வேணாம்'னா."

"விஷயத்தைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். உன் பேரு வந்ததும் எழுந்து உள்ள போயிட்டா."

அக்கா தானே போனாள். பட்டறை விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்றாள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். தங்கை இரண்டு பேரோடு பேசிக்கொண்டே வந்தவள் அக்காவைக் கண்டதும் அவர்களை முன்னே போகச் சொன்னாள்.

"இருக்கிற இடத்தை விட வேணாம்டி" என்றாள் அக்கா, மூச்சு வாங்காமல். "இந்த வருஷம் ஏறிடும். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் இதுதான் நடக்குது. எழுபத்தேழைப் பார்த்துட்டு எல்லாரும் வந்து விழப்போறாங்க. எம்பத்தி மூணு பத்தாது. அஞ்சு வருஷத்தையும் கொண்டுவந்திருக்கேன், ஒண்ணுகூட விடல, நீயே பாரு."

தாளை நீட்டினாள். தங்கை வாங்கவில்லை.

"போன தடவையும் இப்படித்தானே ஒரு தாளைக் காட்டினே? 'எம்பத்தி மூணுக்கு நடக்காது.' இதே பேச்சு, இதே குரல்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உன் பொண்ணுக்குக் கிடைக்காதது என் பொண்ணுக்குக் கிடைச்சிடக் கூடாது. அவ்வளவுதானே?"

"சத்தியமா இல்லடி. அந்தப் பிள்ளை மேல ஆணையா..."

"அவ மேல கையை வைக்காதே."

ஏதோ அடிக்க வந்தவளைத் தடுப்பதுபோல் சொன்னாள். முன்னே போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பூனைக்காரி காலேஜை விட்டு வந்துவிட்டாள். கால்நடை மருத்துவத்தை மட்டும் எழுதினாள். இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களை வெறுமையாக விட்டாள். இன்னொன்று எதற்கு என்று அம்மாவைக் கேட்டாளாம். அந்த வருஷம் வட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் அதையே எழுதியிருந்தார்கள். கடைசி மார்க் நூற்றி எண்பத்தேழு.

உணவுத் தொழில்நுட்பத்தில் அவள் விட்ட இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருமுறை தங்கை அக்காவின் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, "நீ அன்னைக்குச் சொன்னது நெசம்தான்" என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன். நெசத்தைச் சொன்னா நம்பற மாதிரி என்னை நீ விட்டு வைக்கலையேக்கா."

அக்கா, "உள்ள வா" என்று மட்டும் சொன்னாள். தங்கை தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மகள் படிப்பை முடித்து ஒரு பிஸ்கட் ஃபாக்டரியின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் செய்தால் அப்பாவிடம் பேசுவாள். சித்தியிடம் வாரம் தவறாமல் பேசுகிறாள் என்று அப்பா மூலம்தான் அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மார்க் ஷீட்டோடு வருகிறவர்கள் நிற்கவில்லை. விஷயம் அவர்கள் காதுக்குப் போகவே இல்லை. தங்கை வெளியில் ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. அக்கா இப்போதும் பார்த்துச் சொல்கிறாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள்.

பூனைக்காரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு செல்லப் பிராணி கிளினிக்கில் சேர்ந்திருந்தாள். கூண்டுகளைக் கழுவுவது, டாக்டர் ஊசி போடும்போது நாயின் வாயைப் பிடித்துக்கொள்வது, சீட்டு எழுதுவது. அங்கே டாக்டராக இருந்தவள் அவளைவிட ஓரிரு வயதுதான் பெரியவள் என்று புருஷன் சொன்னார். ஒரு சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் அக்கா அங்கே போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்து ஒன்றும் அமையாமலே போய்ச் சேர்ந்தாள்.

பூனைக்காரி நீல மேலங்கியில், கையுறையோடு, கவுண்டருக்குப் பின்னால் நின்றாள். மெலிந்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"சொல்லுங்க. பூனையா, நாயா?"

"ஒண்ணும் கொண்டு வரலம்மா. உன்னைப் பார்க்கத்தான்..."

"அப்படி ஓரமா உக்காருங்க. கூட்டம் இருக்கு."

அக்கா ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர் மடியில் முயலை வைத்திருந்தார். எதிரில் ஒரு பெண்ணின் கூடையில் பூனை ஒன்று விடாமல் கத்தியது. பூனைக்காரி ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லி உள்ளே அனுப்பினாள். முயல்காரர் போனார், பூனை போனது, புதிதாக வந்தவர்களும் போனார்கள். பெஞ்ச் காலியானது. பூனைக்காரி தரையை மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெஞ்சுக்கு அருகில் வந்ததும் நின்றாள்.

"கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்க" என்றாள்.

அக்கா தூக்கிக்கொண்டாள். அவள் அடியில் துடைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஷட்டரை இறக்க ஆள் வரும்வரை திரும்பி வரவில்லை.